நான் மீனாக வேலை பார்த்த ஏழு நாள்

முப்பத்தோரு வருட அரசு வேலையில் ஏழு நாள் நான் மீனாக வேலை பார்த்திருக்கிறேன். இது என் பணிப்பதிவேட்டில் இல்லை. ஓய்வூதியம் கணக்கிட்டபோது இதை யாரும் சேர்க்கவும் இல்லை. ஆனால் அத்தனை வருடத்தில் உருப்படியாக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், கொஞ்சம் கூச்சத்தோடு அந்த ஏழு நாளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து இளையவர் ஒருவர் போன் செய்தார்.

"சார், கடைக்குப் போனா நாலு இழைப் பின்னல், எட்டு இழைப் பின்னல்னு கலர் கலரா தொங்கவிட்டிருக்கான். பயிற்சிக்கு வர்றவங்க தூண்டிலுக்குத் தங்கூசி நல்லதா, பின்னல் நல்லதான்னு கேக்குறாங்க. நீங்க அப்பவே சோதிச்சுப் பாத்தீங்களாமே? ஒரு வரியில சொல்லிடுங்களேன்."

ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ அதிகாரி ஆகியிருப்பேன். "எழுதி அனுப்புறேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது. ஒரு வரியைத் தாண்டிவிட்டது, மன்னிக்கவும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் சுரக்குடி. நெல் தவிர வேறெதுவும் தெரியாத குடும்பம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஐந்து கடல் மீன் பெயர் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஐந்தும் கருவாடு. அதிலும் இரண்டு, ஒரே மீனின் சின்னதும் பெரிதும். தேர்வுக் குழுவில் யாருக்கோ சிரிப்பு வந்து, அந்தச் சந்தோஷத்தில் வேலை கொடுத்துவிட்டார்கள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். மீன்வளத் துறையில் கள உதவியாளர். படகு எண்ணுவது, வலைக் கண்ணை அளப்பது, கரைக்கு வந்த மீனை வகை பிரித்து எழுதுவது. கடலுக்குப் போன முதல் நாளில், காற்று வரும் பக்கம் பார்த்து வாந்தி எடுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். என் சட்டையும் கற்றுக்கொண்டது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாயிரத்து ஏழில் எங்களுக்கு ஆய்வாளராகக் கமலவேணி அம்மா வந்தார். சுனாமிக்குப் பிறகு ஊர் ஊருக்கு ஃபைபர் படகு நிறைந்திருந்த நேரம். அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கைப்பையில் தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா, ஒரு அடிக்கோல், கிராம்பு டப்பா மூன்றும் எப்போதும் இருக்கும். யாரையும் திட்ட மாட்டார். கடைநிலையில் இருக்கும் என்னைக்கூட "பக்கிரிசாமி, வாங்க" என்றுதான் கூப்பிடுவார். நான் ஏதாவது அறிக்கை கொடுத்தால் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனச்சேம்மா."

"அப்ப அடிச்சிடுங்க."

அப்படி அடித்து அடித்து என் முதல் அறிக்கையில் மிஞ்சியது தேதியும் கையெழுத்தும்தான். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். நன்றாகத் துடைத்தால் கோபம் அதிகம் என்று அர்த்தம்.

அந்த வருடம் ஒரு பெட்டி நிறைய சாம்பிள் சரக்கு ஆபீஸுக்கு வந்தது. உள்ளே பின்னல் நூல் உருளைகள். அதுவரை எங்கள் கரையில் கைத்தூண்டில் என்றால் தங்கூசிதான், அதாவது கண்ணாடி மாதிரி இருக்கும் நைலான் நரம்பு. இந்தப் புது நூல் பட்டுக்கயிறு மாதிரி இருந்தது. தங்கூசியில் பாதிப் பருமன்கூட இல்லை. ஆனால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் அறவில்லை. இழுத்தவர்களில் ஒருவன் நான். மறுநாள் உள்ளங்கையில் மருந்து போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போனேன்.

"இதை மீனவங்களுக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு எழுதணும்" என்றார் அம்மா. "நெனச்சு எழுத முடியாது."

தூண்டில்காரருக்கு நூல்தான் கண்ணும் காதும். இருபத்தைந்து பாகம் ஆழத்தில், அதாவது இருபத்தைந்து தடவை இரண்டு கையையும் விரித்து அளந்த ஆழத்தில், ஒரு மீன் இரையை முகர்கிறது. அந்தச் செய்தி ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புக்கு வந்து சேர வேண்டும். தங்கூசி இழுபடும் சாமான். பத்துப் பாகம் தங்கூசியை இழுத்துப் பிடித்தால் ஒரு முழமாவது நீளும். மீனின் கடியில் பாதியை அந்த இழுபடல் தின்றுவிடும். நூல் பருமனாக இருந்தால் நீரோட்டம் அதை வளைத்து வயிறு வைத்துவிடும், மிச்சப் பாதியும் போயிற்று. அதனால்தான் தங்கூசிக்காரர்கள் கடி தெரிந்த மறுகணம் தோளுக்கு மேலே கை போகும்படி ஓங்கிச் சுண்டுவார்கள். அந்தச் சுண்டலில் பெரும்பகுதி நூலை நீட்டுவதற்கே செலவாகும். கடைசியில் கொஞ்சம்தான் தூண்டில் முள்ளுக்குப் போய்ச் சேரும்.

பின்னல் நூல் நீளாது. அப்படியானால் கடி நன்றாகத் தெரிய வேண்டும். தெரிகிறதா? அம்மா ஒரு சோதனை வைத்தார்.

காரைக்காலுக்கு வடக்கே ஒரு மீனவ ஊர். பெயர் வேண்டாம். மணலில் வரிசையாகக் கவட்டைக் குச்சி நட்டு, அதன்மேல் இருபத்தைந்து பாகம் நூலைத் தொய்யாமல் கொண்டுபோக வேண்டும். ஒரு முனையில் தூண்டில்காரர் கண்ணை மூடிக்கொண்டு நூலை விரலில் வைத்திருப்பார். மறுமுனை கரையேற்றிய ஒரு படகுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அங்கே மீன். கடி தெரிந்தால் அவர் இடது கையைத் தூக்க வேண்டும். ஆளுக்கு இருபது கடி, எந்த நொடியில் எந்தக் கடி என்று பட்டியல் அம்மா கையெழுத்தில்.

"மீன் யாரும்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தார்.

"சங்கரா மாதிரி கடிங்க, பக்கிரிசாமி."

"நான் சங்கராவைக் கொழம்புலதாம்மா பாத்திருக்கேன்."

"கொழம்புக்கு முன்னால அது எப்படிக் கடிச்சுதுன்னு விசாரிச்சு எழுதிக்கிட்டு வாங்க."

விசாரித்தேன். கரையில் இருந்தவர்களுக்கு அன்று திருவிழா.

"சங்கரா ரெண்டு தட்டு தட்டும் சார், கதவைத் தட்டுற மாதிரி. அப்புறம் யோசிக்கும்."

"கலவா?"

"அது தட்டாது. மாமியா மாதிரி நேரா உள்ள வந்துரும்."

"பாரை?"

"பாரை கடிச்சா நீங்க படகுல இருக்க மாட்டீங்க சார்."

இப்படி எழுதிக்கொண்டு, ஒரு மாலை முழுக்க என் வீட்டு ஜன்னல் கம்பியில் தங்கூசியைக் கட்டிக் கடித்துப் பழகினேன். விரலால்தான். என் மனைவி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

அந்த ஊரில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் நாகலிங்கம், ஒரு ஃபைபர் படகுக்குத் தலைவர். நாற்பது வயது. அவர் படகில் மூன்று பேர் தூண்டில் போடுவார்கள். அதில் மூத்தவர் செல்லமுத்து. நாகலிங்கம் கட்டியிருப்பது செல்லமுத்துவின் தங்கையை. ஆக, வீட்டில் செல்லமுத்து மூத்த மச்சான், படகில் நாகலிங்கம் தலைவர். இரண்டு மரியாதையும் ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல் இருவரும் பல வருடமாக ஒரே படகில் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

முதல் மூன்று நாள் தங்கூசியில் சோதனை. நான் படகுக்குப் பின்னால் மணலில் குந்திக்கொண்டு சங்கராவாகவும் கலவாவாகவும் மாறி மாறி வேலை பார்த்தேன். ஊரே வேடிக்கை பார்த்தது. "மீன் சாரு வந்துட்டாரு" என்று என் வருகையை அறிவித்தார்கள். நாகலிங்கம், இடம் கொடுத்தவர் என்ற உரிமையில் என் தலைக்கு நேர்மேலே படகு விளிம்பில் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு அடிக்கடி இருமல். "சுக்கு தட்டிப்போட்டுக் குடிங்க" என்றுகூடச் சொன்னேன். "சரிங்க சார்" என்றார், ரொம்பப் பணிவாக.

அநேகமாக எல்லாரும் இருபதில் பன்னிரண்டு, பதிமூன்று கடி உணர்ந்தார்கள். செல்லமுத்து மட்டும் இருபதுக்கு இருபது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு நன்றாகக் கடித்திருக்கிறேனே!

அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நெசமான மீனுக்கே இருபதுக்கு இருபது வராது பக்கிரிசாமி. நீங்க அதைவிடவா ஒழுங்கா கடிக்கிறீங்க?"

மறுநாள் செல்லமுத்துவின் முறை வந்தபோது, அம்மா நடந்துவந்து என் காதோரம் குனிந்தார். "இனிமே நூலைத் தொடாதீங்க. தொடுற மாதிரி விரலை மட்டும் ஆட்டுங்க."

ஆட்டினேன். தலைக்கு மேலே இருமல். அந்தப் பக்கம் செல்லமுத்து கையைத் தூக்கினார் என்று அம்மா சைகை காட்டினார். இரண்டாவது தடவை ஆட்டினேன். இருமல். கை. மூன்றாவது தடவையும் அப்படியே. கடிக்காத மீனுக்கு மூன்று தடவை கை தூக்கிவிட்டார் மனிதர்.

நான்காவது தடவை விரலை ஆட்டும்போது அண்ணாந்து பார்த்தேன். நாகலிங்கம் கீழே குனிந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலுக்கும் நூலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் வெறும் காற்று இருந்ததை அவர் பார்த்துவிட்டார். இருமவில்லை. செல்லமுத்துவின் கையும் எழவில்லை.

முப்பத்தோரு வருடத்தில் ஒரு மனிதர் என்னைப் பார்த்துப் பயந்தது அந்த ஒரு தடவைதான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா சத்தம் போடவில்லை. "எல்லாரும் போயி டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். நாகலிங்கம் மட்டும் போகவில்லை. மற்றவர்கள் போனதும் அம்மா செல்லமுத்துவின் எதிரே மணலிலேயே உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"எதும்மா?"

"விரலு."

செல்லமுத்து கையை மடியில் வைத்துக்கொண்டார். "போன வருசம் தை மாசத்துலேருந்தும்மா. மொத நுனிதான் மரத்துச்சு. உப்புத்தண்ணின்னு விட்டுட்டேன். அப்புறம் சர்க்கரைன்னாங்க."

"மாத்திரை?"

"ஞாபகம் வர்றப்ப போட்டுக்குவேன்."

"ஞாபகமே வராதும்மா இவருக்கு" என்றார் நாகலிங்கம். "எங்க வீட்டுக்காரிதான் கொண்டுபோயி வாயில போட்டுட்டு வருது."

"நீ சும்மா இரு மாப்ள. ஒனக்கு இது தெரியும்னே எனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் நான் இருமுறப்பல்லாம் சுண்டுனீங்களா மச்சான்?"

ஒரு வருடமாகப் படகில் ஒருவர் இருமுகிறார், இன்னொருவர் சுண்டுகிறார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அன்று எங்கள் முன்னால்தான் முதல் பேச்சு.

"அவரு நூலு துடிக்கிறதைப் பாத்து நான் இருமணும்மா" என்றார் நாகலிங்கம். "அதைப் பாத்துக்கிட்டு இருந்தா என் நூல்ல கடிக்கிறது எனக்குத் தெரியமாட்டேங்குது. மத்த ரெண்டு பேரும் மொணக ஆரம்பிச்சுட்டாங்க. படகு அவங்களுக்கும் பொழப்புதானே? இந்த மாசம் முடியட்டும், அப்புறம் மச்சானைக் கரையில இருக்கச் சொல்லிடலாம்னு இருந்தேன். சொல்றதுக்குத்தான் வாய் வரல."

"நானே இருந்துக்கறேன்" என்றார் செல்லமுத்து. "வல பொத்தலைக்கூட அடைக்க முடியாதும்மா இந்தக் கையால. கரையில இருந்து என்ன செய்ய? வர்ற போற படகை எண்ணிக்கிட்டிருக்கணும்."

படகு எண்ணுவதுதான் என் வேலை என்று அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மாத முடிவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மா கைப்பையிலிருந்து ஒரு துண்டு நூலும் பேனாவும் எடுத்தார். "கண்ணை மூடுங்க." வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நூலை ஆள்காட்டி விரல் நுனியில் மெல்ல இழுத்தார்.

"இங்க?"

"இல்லம்மா."

அரை அங்குலம் மேலே. "இங்க?"

"இல்ல."

இப்படியே விரல், உள்ளங்கை, கட்டைவிரல் மேடு. ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை. நடுவே ஒரு தடவை நூலை வைக்காமலே கேட்டார். ஏமாற்றக் கூடாது, ஏமாறவும் கூடாது. மணிக்கட்டின் உட்புறம், வைத்தியர் நாடி பிடிக்கும் இடத்துக்கு வந்ததும் செல்லமுத்து சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"கூசுதும்மா!"

அம்மா அங்கே பேனாவால் நீலக்கோடு போட்டார். "எழுதுங்க பக்கிரிசாமி."

"எந்தப் பத்தியிலம்மா?"

"புதுசா ஒண்ணு போடுங்க. நாளைக்குக் காலையில இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் நீங்கதான். மாத்திரைக்கு எந்தப் பத்தின்னு அங்க கேக்காதீங்க."

ஆஸ்பத்திரி முடிந்த மறுநாள் பின்னல் நூலைக் குச்சிகளின்மேல் கட்டினோம். நூலை விரலில் பிடிக்காமல் நீலக்கோட்டின் மேல் படரவிட்டார் செல்லமுத்து. நாகலிங்கத்தை அம்மா டீக்கடைக்கு அனுப்பிவிட்டார். நான் கடித்தேன். இருபதில் பதினேழு. "சார், நீங்க மூச்சு விடுறதுகூடத் தெரியுதே!" என்று அந்த முனையிலிருந்து கத்தினார். மீனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மணல் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

முடிந்தது என்று நினைத்தோம். கடலுக்குப் போனோம். நானும் போனேன், எழுதுவதற்கு. பாறை நிறைந்த இடத்தில் நங்கூரம் போட்டதும், முதல் இரையைக் கடலுக்குக் கொடுத்தது நான்தான். காலையில் சாப்பிட்ட இட்லி. அதற்குப் பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. செல்லமுத்துவுக்குக் கடி தெரிந்தது. முப்பது வருடப் பழக்கம், தோளுக்கு மேலே ஓங்கிச் சுண்டினார். நீளாத நூலில் அந்தச் சுண்டல் முழுதாக முள்ளுக்குப் போனது. பாரையின் வாயோரம் மெல்லிய தோல்தான். முள் அதைக் கிழித்துக்கொண்டு வெறுமனே வந்தது. இரண்டாவது பாரையும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் படகுப் பலகையில் ரத்தம் இருந்தது.

"யாருக்குய்யா ரத்தம்?" என்று கேட்டார் செல்லமுத்து.

அவருக்குத்தான். ஆள்காட்டி விரலில் பின்னல் நூல் பிளேடு மாதிரி இறங்கியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரைக்காரருக்கு விரலில் வெட்டு. நாகலிங்கம் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டு இன்ஜினைக் கிளப்பினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்லது செய்கிறோம் என்று விரலை எடுத்துவிட்டோமோ என்று பயம். நல்லவேளை, மேல்தோல் வெட்டுதான், ஐந்தாறு நாளில் ஆறிவிடும் என்றார் டாக்டர்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையிலேயே வைத்துவிட்டார். அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. கோபம் என்மேல் இல்லை, தன்மேல்.

"நூலை மாத்துனோம். கையை மாத்தல" என்றார்.

காயம் ஆறும்வரை மூன்று காரியம் நடந்தது. சைக்கிள் டியூபை வெட்டி, இழுக்கிற விரல்களுக்கு உறை செய்தோம். ரப்பரால் விரலுக்கு உணர்ச்சி குறையுமே என்ற கவலை இல்லை, உணர்கிற வேலை மணிக்கட்டுக்குப் போய்விட்டதல்லவா? இரண்டாவது, பின்னலின் முனையில் மூன்று பாகம் தங்கூசியைச் சேர்த்தோம். பின்னல் வழுக்கும், சாதாரண முடிச்சு உருவிக்கொள்ளும். ஏழு சுற்றுச் சுற்றி எச்சிலால் நனைத்து இறுக்க வேண்டும். நாகலிங்கமே போட்டுக் கொடுத்தார். இளையவரே, நீங்கள் கேட்ட பதில் இதுதான்: மேலே நீளாத பின்னல் செய்தி கொண்டுவரும், கீழே கொஞ்சம் தங்கூசி பாறையில் உரசலைத் தாங்கும், மீன் கண்ணுக்குத் தெரியாது, திமிறும்போது விட்டுக்கொடுத்து வாயைக் கிழியாமல் காக்கும். எது நல்லது என்று கேட்காதீர்கள். எது எங்கே என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் கஷ்டம். முப்பது வருடச் சுண்டலை மறக்க வேண்டும். அதற்கு அம்மா சொன்னார்: "உங்க ஊர்ல வாழை இருக்கா பக்கிரிசாமி?"

மறுபடியும் மீனானேன். ஆனால் இந்தத் தடவை வாயோடு. தூண்டில் முள்ளை வாழையிலையின் ஓரத்தில் குத்தி, இலையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். கடி கொடுத்ததும் செல்லமுத்து இழுப்பார். சுண்டினால் இலை கிழியும். தூக்கினால் இலை முழுசாக வரும். வாழையிலைதான் பாரையின் வாய். முதல் நாள் ஒரு கல்யாணப் பந்திக்கான இலையைக் கிழித்தார்.

"தூக்குங்க செல்லமுத்து, அடிக்காதீங்க" என்று அம்மா அலுக்காமல் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"கை கேக்க மாட்டேங்குதும்மா. அது பாட்டுக்குப் போயிடுது."

"தூங்குற குழந்தையை எப்படித் தூக்குவீங்க?"

"அது எம் பொஞ்சாதி வேலைம்மா."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் ஒரு இலை முழுசாக வந்தது. அடுத்ததும் வந்தது. அன்று மிஞ்சிய இலைகளை நாகலிங்கத்தின் வீட்டுக்குக் கொடுத்தோம். அதிலேயே எங்களுக்குச் சாப்பாடும் போட்டார்கள். சங்கரா குழம்பு. சக ஊழியரைத் தின்பது மாதிரி இருந்தது, ஆனாலும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மறுபடியும் கடல். விடிந்த பிறகு புறப்பட்டோம். விரலில் ரப்பரைப் பார்த்ததும், படகில் இருந்த குமார், மொணகிக்கொண்டிருந்த இருவரில் வாய் நீளமானவர், ஆரம்பித்தார்.

"என்ன செல்லமுத்தண்ணே, பஞ்சர் ஒட்டப் போறீங்களா?"

"ஒன் வாயிலதான் மொத ஒட்டணும்டா."

முள்ளில் கணவாய்த் துண்டு குத்தி எல்லாரும் இறக்கினார்கள். செல்லமுத்து நூலை மணிக்கட்டின் மேல் படரவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். நீலக்கோடு எப்போதோ அழிந்திருந்தது. நாகலிங்கம் தன் நூலைப் பிடித்திருந்தாரே தவிர பார்வை முழுக்க மச்சானின் நூல்மேல். நான் படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுத வேண்டிய தாளை முழங்காலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

நூல் துடித்ததை நான் பார்க்கவில்லை. நாகலிங்கம் பார்த்திருக்க வேண்டும். இருமுவதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் செல்லமுத்துவின் கை ஏற்கனவே எழுந்துகொண்டிருந்தது. சுண்டல் இல்லை. விளிம்புவரை தண்ணீர் உள்ள குடத்தைச் சிந்தாமல் தூக்குவது மாதிரி, நிதானமாக. ஒரு கை, மறு கை, ஒரு கை, மறு கை. சிவப்பாக ஒரு சங்கரா மேலே வந்தது.

கடலில் முதல் மீனுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது சங்கராவுக்குக் குமார் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது கடி வேறு மாதிரி இருந்தது. செல்லமுத்துவின் உடம்பே முன்னால் போனது. நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. பாரை. அடிக்கவில்லை அவர். ரப்பர் உறைக்குள் நூலை நழுவவிட்டு, அது இளைக்கும்போது வாங்கி, ஓடும்போது கொடுத்து, வாங்கி, கொடுத்து. நான் வாந்தி எடுக்க மறந்துவிட்டேன். அந்தத் தொழிலில் எனக்கு அது சாதனை.

"யோவ் நாகலிங்கம், ஒன் நூலைப் பாருய்யா!" என்று குமார் கத்தினார்.

நாகலிங்கத்தின் நூல் தளர்ந்து கிடந்தது. எப்போதோ ஏதோ ஒன்று கடித்து, இரையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அன்று அந்தப் படகில் கடியைத் தவறவிட்டவர் தலைவர்தான்.

பாரை படகுக்குள் விழுந்ததும் செல்லமுத்து குனிந்து அதன் வாயைப் பார்த்தார். கிழியவில்லை. முள் வாயோரத்தில் சுத்தமாக இறங்கியிருந்தது. பிறகு தன் விரல்களை உறையிலிருந்து உருவி, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் இல்லை. அதன் பிறகுதான் நிமிர்ந்தார்.

"என்ன மாப்ள, இருமல் நின்னுடுச்சு போலருக்கே?"

நாகலிங்கம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. தன் வெறும் நூலின் ஈயக்குண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். குமாருக்கும் இன்னொருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "வெயில் ஏறுது, தலைவருக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார் குமார். நான் தாளை எடுத்து எழுதினேன். பார்த்ததை மட்டும்.

கரைக்கு வந்து படகை மேலே தள்ளினோம். நான் தள்ளியது படகையா, படகு என்னைத் தள்ளியதா என்பது வேறு விஷயம். அந்த ஊரில் யாரையும் படகிலிருந்து நிறுத்துவதாக வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. படகு மேலேறியதும் தலைவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, மறுநாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பார். பெயர் வராதவர் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். செல்லமுத்து அந்த நேரத்தில் கூடையைக் கழுவுவது மாதிரி குனிந்துகொண்டதைப் பார்த்தேன். பல நாளாக அப்படித்தான் குனிந்துகொள்கிறாராம், பிற்பாடு அவரே சொன்னார்.

"குமாரு, அஞ்சு மணி" என்றார் நாகலிங்கம். இன்னொருவர் பெயரைச் சொல்லி, "அஞ்சு மணி." பிறகு திரும்பி, கூடைப் பக்கம் பார்த்து, "மச்சான், நீங்களும் அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்றார்.

செல்லமுத்து நிமிரவில்லை. கூடையை இன்னும் ஒரு தடவை அலசினார். தண்ணீரைக் கொட்டினார்.

"அஞ்சு மணிக்கெல்லாம் பாரை சாப்ட்டு முடிச்சுடும் மாப்ள. நாலரைக்குப் போவோம்."

"சரி. நாலரை."

"நாலரையா!" என்று குமார் தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. பாரையின் செவுளில் விரலை விட்டுத் தூக்கிக்கொண்டு, படகுக்கே நேரம் குறித்துக் கொடுத்தவர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்து வீட்டுக்குப் போனார்.